மனம் ஒப்பாத வீடு

1

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஆராதனை முடிந்து பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். இந்த ஊர் ஆலயத்தின் குருவானவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். தன் ஆலயத்து அறைக்குள் வருவதற்கே தட்டுகிற மனிதர். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் சொன்னது இதுதான்: ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓர் இளைஞர் சங்கம் தொடங்குகிறார்கள், ஞாயிறு பிற்பகலில் இந்த அறை அதற்குத் தேவைப்படும். நாங்கள் காலை ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து உட்காரலாம், சேர்ந்தால் அவருக்குச் சந்தோஷம். கட்டாயம் இல்லை. எங்களுக்குள் பேசிக் கிறிஸ்துமஸுக்கு முன் சொன்னால் போதும்.

நாங்கள் ஐந்து வீடு. இரண்டு வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஒரு வீட்டார் திருநெல்வேலி, ஒரு வீட்டார் வேலூர்ப் பக்கம், நாங்கள் கொடைக்கானல் மலை. இங்கிலாந்தின் நடுவில், பூட்டும் சைக்கிளும் செய்கிற இந்த நகரத்தில் தமிழில் ஜெபம் நடக்கிற இடம் அந்த ஓர் அறைதான். மற்ற நான்கு வீட்டுக்கும் அது போனால் வாரத்தில் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவே. எங்கள் வீட்டு நிலைமை வேறு. என் மனைவி ஞானத்துக்கு ஆங்கிலம் வராது. வீட்டுக்கு வெளியே அவள் வாய் திறப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே.

குருவானவர் போனதும் திருநெல்வேலி மாசிலாமணி எழுந்தார். அவர் சைக்கிள் கம்பெனியில் கணக்கர். எதையும் வேகமாக முடிப்பவர்.

“கையத் தூக்குங்க, இப்பவே முடிச்சிருவோம். பஸ்ஸு போயிரும்லா” என்றார்.

நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எங்கள் மலையில் ஜெபவீட்டுக் காரியம் எதையும் கை தூக்கி முடித்ததில்லை என்றேன். பஸ் கண்டக்டராக இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பிராஜா சிரித்தார்.

“அப்ப உங்கட மலையில என்னண்டு அண்ணை முடிப்பியள்? காலைத் தூக்கியோ?”

அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இந்தச் சபைப் பத்திரிகையை வாசிக்கிற உங்களில் மலைக்காரர்களுக்கு இது தெரியும். கீழ்நாட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2

பள்ளங்கி கிராமத்துக்கு மேலே, பழனிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை பிரிகிற சரிவில் எங்கள் ஜெபவீடு இருந்தது. மண் சுவர், தகரக் கூரை. சுற்றி ஒன்பது கிறிஸ்தவ வீடுகள். எல்லாருக்கும் உருளைக்கிழங்கும் பூண்டும்தான் பிழைப்பு. நான் ஒருவன் மட்டும் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் குமாஸ்தாவாக இருந்தேன்.

எங்களுக்கென்று போதகர் கிடையாது. கொடைக்கானல் சபைப் போதகர், ஐயர் என்போம், மாதம் ஒருமுறை நற்கருணை கொடுக்க வருவார். மழையில் பாதை சரிந்தால் அதுவும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் எல்லாம் நாங்களே. மாதத்துக்கு ஒரு வீடு முறை எடுக்கும். முறை வீட்டார் பெருக்க வேண்டும், மணியடிக்க வேண்டும், வேதம் வாசித்து அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும், ஜெபிக்க வேண்டும். அந்த மாதம் யாருக்காவது காய்ச்சல் என்றால் போய்ப் பார்ப்பதும், சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் அவர்களே. வாசிக்கத் தெரியாத வீடு இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கும்; ஆனால் ஜெபத்தை அந்த வீட்டார்தான் செய்ய வேண்டும். அதைக் கடனாகக் கொடுக்கவோ வாங்கவோ முடியாது.

தீர்மானங்களும் அப்படியே. முறை வீட்டார் எழுந்து விஷயத்தைச் சொல்வார்கள். பிறகு வீடு வீடாகக் கேட்பார்கள். கடைசியாகக் குடிவந்த வீட்டை முதலில் கேட்பதும், ஆதியில் வந்த வீட்டைக் கடைசியில் கேட்பதும் ஒழுங்கு. பெரிய வீட்டுக்காரன் முதலில் பேசிவிட்டால் புதிதாக வந்தவன் அதையே திருப்பிச் சொல்வான் என்று யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது வீடும் ஒப்பினால்தான் காரியம் நடக்கும். ஒரு வீடு “மனசு ஒப்பலை” என்று சொன்னாலும் அன்றைக்கு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

ஒப்பாத வீட்டுக்கு இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, அடுத்த ஞாயிறு முறை அவர்களுடையது. ஒப்புகிற வரைக்கும் வாராவாரம் அவர்களே பெருக்கி, மணியடித்து, எல்லார் முன்னாலும் ஜெபிக்க வேண்டும். அதனால் வீம்புக்காக யாரும் மறுப்பதில்லை. மற்றது, அந்த வாரத்துக்குள் மற்ற எட்டு வீட்டாரும் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். போனால் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர்கள் செய்கிற வேலையில் கை கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுக்கிற கடுங்காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

3

இங்கே என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். காலையில் இருட்டோடு கிளம்பி, ஓர் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில் போர்வையும் சோப்பும் எடுத்துக் கொடுத்துவிட்டு, இருட்டோடு திரும்புகிறேன். கொடைக்கானலிலும் அதே வேலைதான் செய்தேன். குளிர் பழகிய குளிர். மூடுபனியும் பழகியது. காரட்டும் உருளைக்கிழங்கும்கூட அதே ருசி. அதனால் ஞானத்துக்கு இந்த ஊர் ஒத்துப்போகும் என்று நம்பித்தான் அழைத்து வந்தேன்.

வந்த புதிதில் அவளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எதிரே இருந்த பெண்மணி படிவத்தைப் பார்த்துக்கொண்டே, “கிறிஸ்டியன் நேம்?” என்று கேட்டார். சொந்தப் பெயரை அப்படித்தான் இங்கே கேட்பார்கள். ஞானத்துக்கு அதில் ஒரு சொல் தெரிந்திருந்தது. முகம் மலர்ந்து, “எஸ், கிறிஸ்டியன்” என்றாள். அந்தப் பெண்மணியும் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் சொன்னபோது மகன் சாமுவேல் விழுந்து விழுந்து சிரித்தான். ஞானமும் கூடச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அலுவலகம் எதிலும் அவள் பேசியதில்லை. யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள்; நான் பதில் சொல்வேன். கடையில் விரலை நீட்டிக் காட்டி வாங்குவாள்.

பிள்ளைகளுக்கு அம்மா சொல்வது புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். மகள் ராகேல் கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள். சாமுவேல் அதுவும் இல்லை. ஒருநாள் பள்ளியில் நடந்த எதையோ அவன் தங்கைக்குச் சொல்லச் சொல்ல இருவரும் சிரித்தார்கள். இடியாப்பத்தைத் தட்டில் வைத்தபடி நின்ற ஞானமும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று பிறகு கேட்டேன். “புள்ளைக சிரிச்சுச்சுக, அதான்” என்றாள்.

4

இந்த ஞானத்தை நான் முதலில் கவனித்தது ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில். அவள் தகப்பனார் தேவசகாயத்துக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. தாய் இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு அவள் பேசினாள்.

அப்போது எங்களில் யாக்கோபு என்பவரின் சின்ன மகளுக்கு மூச்சிழுப்பு. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ முறை தூக்கிப் போனார்கள். யாக்கோபின் மாமனார் பூண்டி ஊர்க்காரர், இந்து. பேத்தி பிழைத்தால் முடியிறக்குவதாகப் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். குழந்தைக்குக் கொஞ்சம் குணமானதும் யாக்கோபே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த ஒற்றையடிப் பாதையில் பழனிக்கு இறங்கினார். அடுத்த ஞாயிறு ஜெபவீட்டுக்கு அந்தக் குழந்தை மொட்டைத் தலையோடு, காதோரம் சந்தனம் காய்ந்திருக்க வந்து உட்கார்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த மாத முறை யாக்கோபுடையது. பழனியில் முடியிறக்கிவிட்டு வந்தவர் எப்படி மணியடித்து ஜெபிப்பது? அவர் முறையை எடுத்துவிடுவது என்று பேச்சு வந்தது. ஐயருக்கும் அதே எண்ணம். வீடு வீடாகக் கேட்டார்கள். யாக்கோபு தரையைப் பார்த்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள் என்று தானே சொன்னார். எங்கள் வீட்டுக்காக என் அண்ணன் பேசினார், ஒப்பினார். எல்லா வீடும் ஒப்பிய பிறகு, ஆதியில் குடிவந்த வீடு என்பதால் கடைசியாக ஞானத்திடம் கேட்டார்கள்.

“எங்க வீட்டுக்கு மனசு ஒப்பலை” என்றாள்.

ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை. அவளே சொன்னாள்.

“புள்ளைக்கு மூச்சு இழுக்கையில எந்த வாசல் தெறந்து கெடக்கோ அங்கதான் தகப்பன் ஓடுவாரு. முறையைப் புடுங்கிட்டா அவரு திரும்பி வர எந்த வாசல வச்சிருக்கோம்?”

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “தேவசகாயத்துக்கு நாக்கு விழுந்தாலும் விழுந்துச்சு, மகளுக்கு ரெண்டு நாக்கு மொளைச்சிருச்சு.” நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் காதில் விழும்படிதான் சொன்னார். அவள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி, “ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது அண்ணே. வெள்ளனே வந்துருங்க, பூண்டு கட்ட ஆளில்லை” என்றாள்.

போகாமல் இருக்க முடியாது. அந்த வாரம் எட்டு வீட்டாரும் போனோம். அண்ணன் அவள் வீட்டுப் பரணுக்கு அடியில் உட்கார்ந்து பூண்டுத் தாளைப் பின்னிக் கொத்துக் கொத்தாகக் கட்டினார். விஷயத்தைப் பேசக் கூடாது. வேறு பேச்சும் வரவில்லை. நெடுநேரம் கழித்து, “இந்த வருசம் பல்லு சிறுசு” என்றார். “மழை ஜாஸ்திண்ணே” என்றாள் அவள். யாக்கோபும் வந்தார். விறகு பிளந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறுதோறும் அவள் மணியடித்தாள். நின்றுகொண்டு, கண்ணை மூடாமல், உரத்த குரலில் ஜெபிப்பாள். ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கடவுளுக்குத் தெரியப்படுத்துவாள்: யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யாருக்கு முட்டி வலி, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. தகரக் கூரைமேல் மழை கொட்டும்போதும் அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். பேச்சை மறுபடி எடுத்தபோதெல்லாம் அதே பதில். மூன்றாம் தடவை ஒரு வீடு அவளோடு சேர்ந்தது, பிறகு இன்னொன்று.

காரியம் முடியுமுன் குழந்தைக்கு மறுபடி இழுப்பு கண்டது. இந்த முறை ஆஸ்பத்திரி வரை போகவில்லை. பாதி வழியில் தோளிலேயே போய்விட்டது.

முறை ஞானத்துடையது, ஆகவே குழியும் அவளுடையது. மண்வெட்டியோடு அவள்தான் முதலில் வந்து நின்றாள். யாக்கோபு வந்து அதைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். தகப்பன் வெட்டக் கூடாது என்று அவள் கொடுக்கவில்லை. அண்ணன் சரிவில் இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஏத்தா, நகரு” என்று அதை வாங்கினார். பிறகு நாங்கள் எல்லாரும் மாறி மாறி வெட்டினோம். வேர் நிறைந்த மண். சின்னக் குழிக்கும் வெகுநேரம் ஆனது.

பழனிப் பேச்சை அதற்குமேல் ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் யாக்கோபு மணியடித்தார். அன்று அவர் ஜெபம் ஒரே வாக்கியம். ஐயரிடம் விவரம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. “சபை ஒப்பினதுன்னா நான் என்ன சொல்ல” என்று நிறுத்திக்கொண்டார்.

மறு வருடம் நான் ஞானத்தைக் கட்டினேன். பெண் கேட்டுப் போனவர் அண்ணன்.

5

இதை எல்லாம் கேட்டுவிட்டு, நல்ல ஏற்பாடுதான் என்று தம்பிராஜா சொன்னார். மாசிலாமணியும் சரி என்றார். அடுத்த ஞாயிறு, கடைசியாக இந்த ஊருக்கு வந்த வீட்டிலிருந்து கேட்டோம். வேலூர் வீட்டார், காலையில் வந்தால் பிற்பகல் சும்மா கிடைக்கும் என்று ஒப்பினார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் ஜெபம் விளங்குவதில்லை என்றார் மாசிலாமணி, அது உண்மை. யாழ்ப்பாணத்து இரண்டு வீடும் கொஞ்சம் தயங்கி ஒப்பின. கடைசியில் எங்கள் வீடு. மனம் ஒப்பவில்லை என்று நான் சொன்னேன். பக்கத்தில் ஞானம் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒப்பாத வீடு என்பதால் அதற்கடுத்த ஞாயிறு அவளை ஜெபிக்கச் சொன்னேன். இங்கே வந்த பிறகு அவள் நின்று ஜெபித்ததில்லை. உட்கார்ந்து, சின்ன ஜெபமாக முடிப்பாள். அன்று எழுந்து நின்றாள். முதல் இரண்டு வார்த்தை கரகரத்தது. பிறகு பழைய குரல் வந்தது. தம்பிராஜா வீட்டுப் பிரசவம், மாசிலாமணியின் சர்க்கரை வியாதி, கம்பெனி வேலைநிறுத்தம் எல்லாம் பெயரோடு மேலே போயின. தம்பிராஜாவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்று ஒரு நம்பிக்கை வந்தது. அது வந்திருக்க வேண்டாம்.

முந்தின வாரம் போலவே அந்த வாரமும் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஞானம் தினமும் மாலையில் வீட்டைப் பெருக்கி, கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தாள். ஒருவர்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. வேலூர்க்காரருக்கு ராத்திரி ஷிப்ட். தம்பிராஜா இரண்டு பஸ் மாறி வர வேண்டும். மாசிலாமணி வெள்ளிக்கிழமை டெலிபோன் செய்தார்.

“அண்ணாச்சி, வரணும்னுதான் இருந்தேன். அங்க வந்தா விஷயத்தைப் பேசக் கூடாதுங்கியளே, பெறவு வந்து என்னத்தப் பேச?”

வீட்டில் கட்டப் பூண்டு இல்லை. பிளக்க விறகு இல்லை. அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சோலியும் இல்லை.

அடுத்த ஞாயிறு மாசிலாமணி வீடு வரவில்லை. அதற்கடுத்து வேலூர் வீடு நின்றது. பிறகு யாழ்ப்பாணத்து வீடுகளும் நின்றன; தம்பிராஜாவின் மனைவி மட்டும் ஒரு தரம் குழந்தையோடு வந்தார். யாரும் எங்களைத் தள்ளவில்லை, சண்டை போடவில்லை. காத்திருப்போம் என்றுதான் சொன்னார்கள். தங்கள் வீட்டிலிருந்தபடி காத்திருந்தார்கள்.

சாமுவேல் அந்த இளைஞர் சங்கத்தில் சேர்ந்திருந்தான். அந்த அறையில் போடுவதற்கு டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று வாங்கி ஆலயத்துப் படிக்கட்டின் கீழ் சாய்த்து வைத்திருந்தார்கள். அறை எப்போது கிடைக்கும் என்று ஒருநாள் என்னிடமே கேட்டான். தெரியாது என்றேன்.

“மம்மி ஒருத்தருக்காக எல்லாரும் வெயிட் பண்றாங்க டாடி” என்று தமிழில் சொன்னான். அது எனக்கு உறைக்க வேண்டும் என்றே தமிழில் சொன்னான் என்று நினைக்கிறேன். அடுப்படியில் நின்ற ஞானம் திரும்பிப் பார்த்தாள்.

6

நவம்பர் கடைசி ஞாயிறு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ராகேல் பரீட்சை என்று வரவில்லை. நான் வேதம் வாசித்தேன். ஜெபத்துக்கு ஞானம் எழவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“ஒப்புக்கிட்டுருங்க” என்றாள்.

எனக்காக விட வேண்டாம் என்றேன். இன்னும் நாள் இருக்கிறது, ஒரு வீடு திரும்பினால் மற்றதும் திரும்பும், யாக்கோபு விஷயத்தில் நீதானே நின்றாய் என்றேன்.

“அங்க நான் ஒப்பலைன்னதும் எட்டு வீடும் வந்து என் பூண்டைக் கட்டுச்சுங்க. நான் நின்னேன்னா அவுக வந்து நின்னதால நின்னேன். வர்றதுக்கு ஆளில்லாத எடத்துல ஒப்பலைன்னு சொன்னா அது வெறும் வீம்பு. நம்ம புள்ளையே வெளிய காத்துக்கிட்டு நிக்கிறான்.”

பிறகு, “யாரு பேரைச் சொல்லி ஜெபிக்க?” என்று கேட்டாள். பாட்டுப் புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினோம். குருவானவரின் வீட்டுக்குப் போய், எங்கள் சபை ஒப்பிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

உங்களில் பெரும்பாலோர் இன்னும் அந்த மாதிரி ஜெபவீடுகளில் இருக்கிறீர்கள். எங்களைப் போல முறை போட்டு நடத்துங்கள் என்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஒழுங்கைப் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். மறுக்கிற சுதந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. மறுத்தவன் வீட்டுக்கு நடந்து வருகிற கால்கள் வரவில்லை. ஒரே பாதையும் ஒரே மழையும் ஒரே இடுகாடும் இருக்கிற இடத்தில்தான் அந்தக் கால்கள் இருக்கும் போலிருக்கிறது. இதற்கு வேறு வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

7

இப்போது காலை ஆராதனைக்குப் போகிறோம். எல்லாரும் எழுந்தால் ஞானம் எழுகிறாள், உட்கார்ந்தால் உட்காருகிறாள். பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் ராகேல் திறந்து கொடுக்கிறாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். வாசலில் குருவானவர் கை குலுக்கும்போது தேங்க்யூ என்கிறாள். பக்கத்து வரிசைக் கிழவி ஒருத்தி அவளுக்குக் கையுறை பின்னிக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது எப்போதும் அவள்தான். சத்தமாக ஜெபிப்பாள், சாமுவேல் சோற்றைப் பார்த்துக்கொண்டு ஆமென் சொல்வான். சில மாதங்களாக அவள் தலையைக் குனிகிறாள், உதடு அசைகிறது, குரல் வருவதில்லை. நான் முதலில் தொண்டைக்கட்டு என்று நினைத்து மருந்து வாங்கி வந்தேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்றாள். ஆமென் எப்போது சொல்வது என்று பிள்ளைகளுக்கு இப்போது தெரிவதில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.